நிமிர்ந்த சட்டிகள்

ஆம்பூரில் தோல் நாற்றம் நின்றுபோன வருஷத்தில்தான் பிடி அரிசிச் சங்கம் முளைத்தது. ரயில் ஆம்பூரில் நிற்கும்போது வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். உள்ளூர்க்காரனுக்கோ அந்த நாற்றம் இருந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். முப்பத்தொன்றாம் வருஷம், சீமையில் தோல் வாங்குவார் இல்லையென்று சொல்லி, தோல் பதனிடும் ஷாப்புகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. சுண்ணாம்புக் குழிகள் காய்ந்து வெடித்தன. ஆவாரம்பட்டை ஏற்றி வந்த வண்டிகள் பாதி வழியிலேயே திரும்பிப் போயின. ஊரில் காற்று சுத்தமாகிவிட்டது. சுத்தமான காற்றைத் தின்றா பசியாறும்?

பிடி அரிசி புதிய சங்கதி இல்லை. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பது, கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் எல்லாரும் செய்து வந்ததுதான். தோல் தரகு பார்த்துக்கொண்டிருந்த ஜியாவுல்லா சாயபு, தரகு படுத்துப்போனதும், அந்தப் பிடிகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தால் என்ன என்று யோசித்தார். தன்னுடைய பட்டைக் கிடங்கைக் காலி செய்து கொடுத்தார். சனிக்கிழமை காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மண்சட்டி இருக்கும்; அந்த வாரத்துப் பிடி அரிசி அதில் இருக்கும். சங்கத்துப் பெண்கள் கூடையோடு போய்த் திரட்டி வர வேண்டும். இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் அதிலிருந்து அரிசி போய்ச் சேர வேண்டும்.

இல்லாத வீடு எதுவென்று எப்படித் தெரிந்துகொள்வது? பேச்சு அங்கே முட்டிக்கொண்டு நின்றது. கேட்டு வருகிறவர்களைக் கிடங்கு வாசலில் வரிசையாக நிற்க வைக்கலாம் என்றார் ஒருவர். வீட்டுக்குள் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார் இன்னொருவர். சுண்ணாம்புக்கார வீதியில் அரிசி திரட்ட ஒப்புக்கொண்டிருந்த சவுரியம்மாள் அப்போது எழுந்து கும்பிட்டாள்.

“வரிசை மட்டும் வேணாம் சாய்பு,” என்றாள். “நான் நின்னிருக்கேன்.”

அவள் புருஷன் துரைசாமி சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் அலசியவன். சுண்ணாம்பு விரல்களை அரித்தது. பிறகு இருமல் நெஞ்சில் குடியேறி அவனைப் படுக்கையில் தள்ளியது. அந்த வருஷம் ஒரு பங்களா வாசலில் பாத்திரத்தோடு அவள் வரிசையில் நின்றாள். பின்னால் நின்றவள் அவளோடு ஒன்றாக வளர்ந்த தோழி. கஞ்சி வாங்கி முடிகிறவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. கை நீட்டுகிற அவமானம் இன்னதென்று சவுரியம்மாளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

“போட முடிஞ்ச வூடு சட்டிய நிமித்தி வெக்கட்டும். முடியாத வூடு கவுத்து வெக்கட்டும். காலையில நான் பாத்து வெச்சிக்கறேன். சாயங்காலம் வந்து கவுத்த சட்டிக்கு அடியில அரிசி முடிச்ச வெச்சிட்டுப் போய்டறேன். கேக்கறவங்களும் இல்ல, குடுக்கறவங்களும் இல்ல.”

ஜியாவுல்லா சாயபுவின் கண் கலங்கிவிட்டது. மூளை என்றால் இதுவல்லவா மூளை என்று கிடங்கில் இருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். சவுரியம்மாள் அன்றைக்குத் தரையில் கால் படாமல் வீட்டுக்கு நடந்தாள்.

நல்ல மனசோடு யோசித்த யோசனைதான், யார் இல்லையென்றது. ஆனால் கை நீட்டுவது ஒருத்தர் முன்னால்; சட்டியைக் கவிழ்ப்பது தெரு முழுக்கப் பார்க்க. இந்தச் சின்ன விஷயம் அன்று கிடங்கில் கூடியிருந்த ஒரு தலைக்கும் தோன்றவில்லை.

முதல் வாரங்களில் சுண்ணாம்புக்கார வீதியில் இரண்டே இரண்டு சட்டிகள் கவிழ்ந்தன. ஒன்று பார்வையில்லாத கிழவருடையது. இன்னொன்று நாதியற்ற ஒருத்தியுடையது. கிழவர் ஆடியிலும் அவள் ஆவணியிலும் போய்ச் சேர்ந்த பிறகு, தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாச் சட்டியும் நிமிர்ந்தே நின்றன.

ஷாப்புகள் திறக்கவில்லை. சட்டியைத் தூக்கிக் கூடையில் கொட்டுகிறவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பிடி சின்னதாயிற்று. அரிசி நொய்யாயிற்று. நொய்யில் கம்பு கலந்தது. அடுத்த வீட்டில் ஒரு பிடி கடன் வாங்கி வந்து சட்டியில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வாசலில் நின்ற செல்லம்மாளை அவள் கண்ணாலேயே பார்த்தாள். பிள்ளைகள் புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தன. ஆம்பிளைகள் பாலாற்று மணலில் போய் உட்கார்ந்துவிட்டு, சாப்பிட்டு வந்தவர்களைப் போல வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். வயிறு காய்ந்தாலும் சட்டி காயக் கூடாது என்பதில் தெருவே ஒற்றுமையாக இருந்தது. அந்த ஒற்றுமையைப் பார்க்கப் பார்க்கச் சவுரியம்மாளுக்கு வயிறு எரிந்தது.

அவள் சாயபுவிடம் சொல்லாமல் இல்லை. சொன்னாள்.

“பாரு சவுரியம்மா,” என்றார் சாயபு. நல்ல மனுஷர், தன் வீட்டு நெல்லையே பாதி கிடங்கில் கொட்டியவர். “ஹலீமா பீயும் அவ தெருவுலதான் பசி ஜாஸ்தின்னு சொல்றா. வாய் பேச்ச நம்பினா வாய் ஜாஸ்தி உள்ளவங்களுக்குத்தான் அரிசி போவும். சட்டிய வெச்சி பாருன்னு சொன்னது நீ. உன் ரூல நீயே ஒடைக்கலாமா?”

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். பேரணாம்பட்டு வியாபாரி நிசார் அஹமது மூட்டை மூட்டையாக அரிசி தர முன்வந்திருக்கிறார். ஷாப்பு திறக்கிறவரை ஒரு தெரு முழுக்கச் சாப்பிடலாம். ஒரு தெருவுக்குத்தான். ஊர் முழுக்கப் பிரித்தால் யாருக்கும் கால் வயிறு நிறையாது. வருகிற சனிக்கிழமை அவரே நேரில் வந்து பார்க்கப் போகிறார். எந்தத் தெருவில் கவிழ்ந்த சட்டி அதிகமோ, அந்தத் தெருவுக்கு மூட்டைகள் போகும்.

சவுரியம்மாள் கிடங்கிலிருந்து ஓட்டமாக வந்தாள். ஒரே ஒரு காலை. தெரு மொத்தமும் சட்டியைக் கவிழ்த்தால் போதும், இந்தப் பஞ்சத்தைத் தாண்டிவிடலாம். இதைச் சொன்னால் யார்தான் மாட்டேன் என்பார்கள் என்று நினைத்தாள். தெருவை அவள் அறிந்தது அவ்வளவுதான்.

செல்லம்மாள் வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். “எங்களுக்கு இன்னா கொறைச்சல்?” என்றாள். “முனியம்மா வூட்லதான் பாவம், புள்ளைங்க சுருண்டு கெடக்குது. அங்க போய் சொல்லு.”

முனியம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். “நாங்க எப்படியோ ஓட்டிக்கறோம். செல்லம்மா அக்கா வூட்லதான் மூணு நாளா பொகையே வரல. மொதல்ல அவங்கள கவுக்கச் சொல்லு.”

வீட்டுக்கு வீடு இதே கதை. ஒவ்வொருத்தியும் பக்கத்து வீட்டுப் பட்டினிக்காகத்தான் உருகினாள். கடைசியில் முனியம்மாதான் பின்னாலேயே ஓடி வந்து, மனசில் இருந்ததைச் சொன்னாள்.

“மேஸ்திரி வூட்டு அமிர்தவள்ளி அக்கா கவுத்தா நாங்களும் கவுத்துடறோம் சவுரி. அவங்களே கவுத்துட்டா அப்புறம் யாரு யாரச் சொல்றது?”

அமிர்தவள்ளியின் புருஷன் காசிநாதன் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவன். தெருவில் ஓடு வேய்ந்த வீடு அது ஒன்றுதான். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் சாவு என்றாலும் முதலில் வந்து நிற்பவள் அமிர்தவள்ளி. காசிநாதன் வேலை தேடிப் பட்டணத்துக்குப் போய் மாதங்கள் ஆகின்றன, ஒரு தகவலும் இல்லை. சவுரியம்மாள் உள்ளே போனபோது பரணில் பாத்திரம் இருந்த இடங்களில் வட்ட வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது. மகள் சௌந்தரம் ஜன்னலோரம் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். நாட்றம்பள்ளியில் மாப்பிள்ளை வீடு. வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று.

அமிர்தவள்ளி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“எதிர் வூட்ல யாரு இருக்காங்கன்னு தெரியும் இல்ல?” என்றாள்.

தெரியும். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் வேலாயுதம். இந்தச் சம்பந்தத்தையே பேசி முடித்தவர் அவர்தான்.

“காலையில சட்டி கவுந்தா ராத்திரிக்குள்ள நாட்றம்பள்ளில தெரிஞ்சிடும். கஞ்சிக்கு இல்லாத வூட்ல பொண்ணு எடுப்பாங்களா சவுரி? இந்த ஒண்ணுக்காகத்தான் பல்லக் கடிச்சிக்கினு இருக்கேன். அவ ஒரு வூட்டுக்குப் போய் ரெண்டு வேளை சாப்ட்டா போதும். அப்புறம் நான் எப்படிப் போனா இன்னா.”

“அக்கா, தெரு மொத்தமும் கவுந்தா உங்கள மட்டும் யாரு சொல்வாங்க? வேலாயுதம் அண்ணன் வூட்டு சட்டியும்தான் கவுந்து கெடக்கும். அவரு எந்த மூஞ்ச வெச்சிக்கினு போய் சொல்லுவாரு?”

அமிர்தவள்ளி யோசித்தாள். சௌந்தரத்தின் ஊசி நின்றுவிட்டது.

“உன் வூட்டு சட்டி?” என்று கேட்டாள் அமிர்தவள்ளி.

சவுரியம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் வீடு தெரு முனையில், முதல் வீடு. அவள் வாசலிலும் சட்டி உண்டு. அதுவும் நிமிர்ந்துதான் இருந்தது. அரிசி திரட்டும் வேலைக்குச் சங்கம் வாரா வாரம் கூலியாக அரிசி கொடுத்தது. அந்த அரிசியில்தான் துரைசாமி உயிர் வைத்திருந்தான். சங்கத்தில் வாங்குகிறவள் சங்கத்துக்குத் திரட்டக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. இல்லாவிட்டால் கூடையில் கை வைத்தாள் என்று பேச்சு வரும்.

“நான் திரட்டறவளாச்சே, அக்கா.”

“ஊர கவுக்கச் சொல்றியே. வர்றவங்க மொதல்ல பாக்கறது உன் வாசலத்தான. உன் சட்டி நிமிந்து நின்னா என் சட்டி பளிச்சின்னு தெரியும். உன் சட்டியும் கவுந்து கெடந்தா, என்னுது பத்தோட பதினொண்ணு. நீ கவுக்கறியா, சொல்லு.”

“கவுக்கறேன்.”

“மாதா மேல சொல்லு.”

“மாதா மேல சத்தியமா கவுக்கறேன்க்கா.”

“அப்போ நானும் கவுக்கறேன்,” என்றாள் அமிர்தவள்ளி. சௌந்தரம் தலையைத் தூக்கவில்லை. ஆனால் ஊசி மறுபடி ஓட ஆரம்பித்தது.

சவுரியம்மாள் சத்தியத்தை மனசாரத்தான் செய்தாள். மூட்டைகள் வந்துவிட்டால் கூலி அரிசி போனால் என்ன? தெருவோடு அவளும் சாப்பிடுவாள். அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்; அமிர்தவள்ளி அக்கா கவிழ்த்தால் நாங்களும் கவிழ்த்துவிடுகிறோம் என்று செல்லம்மாளும் மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை விடிந்ததும் வாசலைப் பெருக்கி, சட்டியைக் கழுவி, சிலுவை போட்டுக்கொண்டு கவிழ்த்து வைத்தாள்.  பல நாளாகச் சுமந்த எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஹலீமா பீ வந்து சேர்ந்தாள். முஸ்லிம் தெருவில் அரிசி திரட்டுகிறவள். சவுரியம்மாளோடு பழகியவள், நல்லவள். சாயபுவும் வியாபாரியும் புறப்பட்டுவிட்டார்கள், தயாராக இருக்கச் சொன்னார்கள் என்று சொல்ல வந்தவள், சட்டியைப் பார்த்துவிட்டு புர்காவின் முகத்திரையைத் தூக்கினாள்.

“அய்யோ, உன் வூட்லயுமா சவுரி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. சரி, நீ பேஜார் படாத, நானே சாய்புகிட்ட சொல்லிடறேன். வாங்கறவங்க திரட்டக் கூடாதே. முனவ்வர் பேகம் வேல வேணும்னு கேட்டுட்டே இருந்தா. உன் தெருவ இன்னிலேர்ந்து அவ பாத்துக்கட்டும்.”

அதில் ஒரு துளி விஷம் கிடையாது. பாசத்தோடுதான் சொன்னாள். உள்ளே துரைசாமி இருமினான். இருமல் நிற்கவில்லை. சவுரியம்மாள் கதவுப் பக்கம் திரும்பினாள். மூட்டை வந்தால் சரி. வராவிட்டால்? முனியம்மா வாக்கு மாறினால், செல்லம்மாள் வீம்பு பிடித்தால், கூலியும் போய் மூட்டையும் போய் இந்த மனுஷனுக்கு எதைக் கரைத்து ஊற்றுவது? அமிர்தவள்ளி கவிழ்த்தால் தெரு கவிழ்க்கும். தெரு கவிழ்த்துவிட்டால் தன்னுடைய ஒரு சட்டி எப்படி இருந்தால் என்ன? அப்படித்தான் அவள் மனசு அவளுக்குச் சமாதானம் சொன்னது. பயந்தவளின் மனசு வேறு எப்படிச் சொல்லும்?

“இல்ல பீ,” என்றாள். “கழுவிட்டுக் காயட்டும்னு கவுத்தேன்.”

சட்டியை நிமிர்த்தினாள். உள்ளே போய்க் கூலி அரிசியில் ஒரு பிடி எடுத்து வந்து போட்டாள். ஹலீமா பீ நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

வெயில் ஏறுமுன் சாயபு வந்துவிட்டார். கூட நிசார் அஹமது. பின்னால், திரளும் அரிசியை ஏற்றக் காலி வண்டி ஒன்று. சவுரியம்மாள் கூடையோடு முன்னால் நடந்தாள். முதல் வீடு அவளுடையது. அதைத் தாண்டி முனியம்மா வீடு. சட்டி நிமிர்ந்திருந்தது. அடுத்ததும் நிமிர்ந்திருந்தது. அதற்கடுத்ததும்தான்.

நிமிர்ந்திருந்தது மட்டுமில்லை. அவள் குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கினாள், கை கனத்தது. பல வாரமாகச் சட்டியின் அடியை மூடாத அரிசி இன்றைக்குக் கழுத்துவரை இருந்தது. இங்கே நொய், அங்கே கேழ்வரகு, இன்னொரு வீட்டில் விதைக்கு வைத்திருந்த நெல்லைக் குத்தி எடுத்த அரிசி. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தெருவின் நடுவில் ஓட்டு வீட்டை எட்டிய போதுதான் புரிந்தது.

அமிர்தவள்ளி வாசலில் கோலம் போட்டிருந்தாள். கோலத்தின் பக்கத்தில் சட்டி கவிழ்ந்து கிடந்தது. விடிகாலையிலேயே கவிழ்த்துவிட்டாள். கவிழ்க்குமுன் தெரு முனைவரை போய்ப் பார்த்துவிட்டு வரவில்லை. மாதா மேல் சொன்ன சத்தியத்தை யார் போய்ச் சோதிப்பார்கள்?

முதலில் பார்த்தவள் செல்லம்மாள். அமிர்தவள்ளி அக்கா வீட்டுக்கே இந்தக் கதியா என்று அவளுக்குத் துக்கம் பொங்கியது. கவிழ்த்துவிடுகிறேன் என்று சொன்னதெல்லாம் அந்தத் துக்கத்தில் அடித்துக்கொண்டு போயிற்று. உள்ளே போய்ப் பானையின் அடியைச் சுரண்டி இன்னொரு பிடி கொண்டுவந்து போட்டாள். போட்டுவிட்டு முனியம்மாவிடம் சொன்னாள். முனியம்மா அடுத்த வீட்டில் சொன்னாள். நமக்காக எத்தனை வாசலில் வந்து நின்றவள், இன்றைக்கு நாம் போடாவிட்டால் எப்போது போடுவது என்று, அடுப்பு எரியாத வீடுகளெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு அள்ளிப் போட்டன. எதிர்வீட்டு வேலாயுதமும் இரண்டு கையாலும் போட்டார். பட்டினி கிடந்தவர்களுக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கம்தான் தெருவுக்குக் குழி பறித்தது.

ஜியாவுல்லா சாயபு மேல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாத்தீங்களா,” என்றார் வியாபாரியிடம். “இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு தெரு.”

“மாஷா அல்லாஹ்,” என்றார் நிசார் அஹமது. “குடுக்கற தெருவுக்கு நாம இன்னா குடுக்கறது? ஒரு வீடுதான் கவுந்திருக்குது. அதுக்கு உங்க சங்கமே போதும். ஹலீமா பீ தெருவுக்கு மூட்டைய எறக்கிடுங்க.”

ஹலீமா பீயின் தெருவில் சட்டிகள் வாசலில் வைப்பதில்லை. பெண்கள் வெளியே வராத தெரு அது. சட்டி வாரம் முழுக்கத் திரைக்கு உள்ளே, நடையில்தான் இருக்கும். கவிழ்ந்திருப்பதை ஹலீமா பீ ஒருத்திதான் பார்ப்பாள். முந்தின நாள் நிசார் அஹமதுவின் மனைவி திரைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது, அநேகமாக எல்லா வீட்டிலும் சட்டி கவிழ்ந்திருந்தது. அங்கேயும் பசி நிஜம்தான். பசிக்கு ஒரு மறைப்பு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கிழிந்த துணியைச் சட்டிக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தால் போதுமே என்று சவுரியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். “சாய்பு, இது இருக்கறவங்க போட்டது இல்ல. இந்தத் தெருவுல யாரு வூட்லயும் அடுப்பு எரியல. நான் சொல்றத நம்புங்க.”

நிசார் அஹமது அவளைப் பார்த்தார். கோபமாக இல்லை, வாஞ்சையாகத்தான். “இந்தம்மா வீடு எது?”

“முனையில, மொத வீடு,” என்றார் சாயபு.

“அதுலயும் அரிசி இருந்ததே. நான் பாத்தேன். கஷ்டம்னு சொல்ற நீங்களே போட்டுத்தானே இருக்கீங்கம்மா.”

சவுரியம்மாள் தெரு முனையைத் திரும்பிப் பார்த்தாள்.  கழுவிக் காயவைத்தேன் என்று ஹலீமா பீயிடம் சொன்ன பொய்யை இப்போது எப்படிப் பிரிப்பது? நான் பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒருவேளை வண்டி நின்றிருக்கும். துரைசாமியின் இருமல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் குனிந்து கூடையைத் தூக்கிக்கொண்டாள். தெரு போட்ட அரிசியெல்லாம் வண்டியில் ஏறி, ஹலீமா பீயின் தெருவை நோக்கிப் போயிற்று.

சாயங்காலம் கிடங்கில் இருந்த குவியலிலிருந்து ஒரு முடிச்சு அரிசியைக் கட்டிக் கொடுத்தார்கள். சவுரியம்மாள் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். எதிரில் வேலாயுதம் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தார். வாணியம்பாடிவரை ரயில், அங்கிருந்து நாட்றம்பள்ளிக்கு நடை.

“நான் சொல்லலன்னாலும் அவங்களுக்குத் தெரியாமப் போய்டுமா?” என்றார் அவளிடம், கேட்காமலேயே. “பின்னால தெரிஞ்சா மறைச்சவன்னு எம்மேல வரும். எனக்கு மட்டும் ஆசையா, சொல்லு.” தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அமிர்தவள்ளி வாசலில் நின்றிருந்தாள். சட்டி காலையில் கவிழ்த்த இடத்திலேயே கிடந்தது. சவுரியம்மாள் வழக்கப்படி குனிந்து, அதைச் சற்றே தூக்கி, முடிச்சை அடியில் தள்ளப் போனாள்.

“வேணாம்,” என்றாள் அமிர்தவள்ளி.

முந்தானையை எடுத்து இரண்டு கையிலும் ஏந்தி விரித்தாள். தெரு நடுவுக்கு வந்து நின்றாள்.

“இதுல கொட்டு.”

“அக்கா, உள்ள வாங்கக்கா.”

“உள்ள இன்னா இருக்குது? மறைக்கறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. கொட்டு.”

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் வெளியே வரவில்லை. சவுரியம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். அவசரத்தில் பாதி அரிசி மண்ணில் விழுந்தது. யாரும் கை நீட்டக் கூடாது என்று யோசித்து யோசித்துச் சொன்னவள், ஏந்திய முந்தானையில் அரிசியைக் கொட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது. அழவும் வெட்கமாக இருந்தது.

“காலையில தண்ணிக்குப் போறப்போ உன் சட்டியப் பாத்தேன்,” என்றாள் அமிர்தவள்ளி. குரல் ஏறவே இல்லை. “அப்பவே வந்து என் சட்டிய நிமித்தியிருக்கலாம். சவுரி மறந்திருப்பா, அவங்க வர்றதுக்குள்ள கவுத்துடுவான்னு இருந்துட்டேன்.”

மண்ணில் விழுந்ததையும் உட்கார்ந்து பொறுக்கினாள். சௌந்தரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் பொறுக்கினாள். சவுரியம்மாள் குனிந்து ஒரு மணியை எடுத்தாள். அமிர்தவள்ளி அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது செல்லம்மாள் வீட்டுக் கதவிடுக்கிலிருந்து குரல் வந்தது.

“சவுரி, இங்க வா.”

போனாள். செல்லம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் உள்ளே போயிருந்தது. உதட்டில் வெள்ளை பூத்திருந்தது.

“அக்காவுக்குக் குடுத்தியே, அதுல என் அரிசியும் இருக்குது இல்ல? ரெண்டு பிடி போட்டேன். கடைசியா இருந்தது அதான். போனா போவுது, அவங்க சாப்டட்டும்.”

அவள் அரிசி மத்தியானமே வண்டியேறிப் போய்விட்டது. இந்நேரம் அடுத்த தெருவில் யார் வீட்டு அடுப்பிலோ கொதித்துக்கொண்டிருக்கும்.

“இருக்குதுக்கா,” என்றாள் சவுரியம்மாள்.

செல்லம்மாளுக்கு முகம் மலர்ந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.